பிரேக் மிதிக்கும் விளக்குக்கும் நடுவே புரோகிராம் நிற்கலாமா?

ஒரு வாசகர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் நீக்கிவிட்டேன்.

அவருக்கு வயது 24. பார்ப்பது கணக்கு வேலை. எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வத்தால் தானாகக் கற்றுக்கொண்டது. அப்பா ஓட்டிய பழைய காரை இப்போது இவர் ஓட்டுகிறார். பின்பக்க டெயில் லேம்ப் இரண்டிலும் பல்பை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பக்கமும், நிறத்தையும் வெளிச்சத்தையும் புரோகிராமால் மாற்றக்கூடிய 24 டபிள்யூஎஸ்2812பி எல்இடிகளைப் பொருத்தியிருக்கிறார். பக்கத்துக்கு ஓர் ஆர்டுயினோ நானோ (புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு), காரின் வோல்டேஜை 5 வோல்ட்டாகக் குறைக்கும் ஒரு 7805 ரெகுலேட்டர். போர்டுக்கு மின்சாரம் டெயில் வயரிலிருந்தும் பிரேக் வயரிலிருந்தும் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் தனித்தனி டையோடு வழியாக வருகிறது. பிரேக் அழுத்தப்பட்டதா என்பதை, பிரேக் வயரின் வோல்டேஜைப் பிரித்துக் குறைக்கும் 33 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் மூலம் நானோ கண்டுகொள்கிறது. மிதியை அழுத்தினால் சிவப்பு ஒளி நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓடி, மூன்று முறை மினுக்கி, பிறகு நிலையாக எரியும். மேசையில் மூன்று மணி நேரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியிருக்கிறது.

சாலையில் அப்படி இல்லை. பின்னால் வேறு காரில் வந்த அக்கா சொன்னது இது: பகலில் கார் வேகம் குறைந்த பிறகுதான் விளக்கு வருகிறது. இரவில் இரண்டு முறை, இரு பக்கமுமே எரியவில்லை. சிக்னலில் நெடுநேரம் பிரேக்கை அழுத்தி நின்றால் அணைந்து அணைந்து எரிகிறது. ஒரு முறை ஒரு பக்கம் கண நேரம் பச்சையாக மினுக்கியது.

அவர் கேட்பவை: வேகமான ஈஎஸ்பி32 போர்டுக்கு மாறினால் சரியாகுமா? மினுக்கும் விளக்கு பின்னால் வருபவரின் கவனத்தை ஈர்ப்பதால் பாதுகாப்பு கூடும்தானே? பின்னால் வந்து இடிப்பவர் மீதுதானே எப்படியும் தவறு, அப்புறம் சட்டச் சிக்கல் ஏது? இரண்டு நண்பர்கள் இதே போலச் செய்து தரச் சொல்கிறார்கள், பணம் வாங்கிக்கொண்டு செய்யலாமா? கடைசியாக ஒன்று: "தூக்கிப் போட்டுட்டு பழைய பல்பை மாட்டு" என்று அப்பா சொல்வது நியாயமா?

இனி உங்களோடு நேராகப் பேசுகிறேன்.

அப்பா சொன்னதில் பாதி சரி. பழைய பல்பை மாட்டுங்கள். இந்தப் பதிலைப் படித்து முடித்துவிட்டு அல்ல, காரை அடுத்த முறை எடுப்பதற்கு முன்பே. இரு பக்கமும் பிரேக் விளக்கு எரியாமல் இரவில் இரண்டு முறை ஓட்டியிருக்கிறீர்கள். பின்னால் வந்தது அக்காவாக இருந்ததால், விளக்கைப் பார்ப்பதற்காகவே வந்ததால், இடைவெளி விட்டு ஓட்டியிருப்பார். எல்லோரும் அப்படி வரமாட்டார்கள். ஆனால் தூக்கிப் போட வேண்டியதில்லை. சர்க்யூட் படத்தையும் புரோகிராமையும் கடிதத்தோடு அனுப்பியிருந்தீர்கள். வரிக்கு வரி குறிப்பு எழுதி, வயர் நிறங்கள் வரை குறித்திருக்கிறீர்கள். வாகன விளக்கு மின்னணுவில் பல வருடங்களாக வேலை செய்யும் எனக்கு, இவ்வளவு ஒழுங்காகக் குறித்த ஆரம்பகால வேலையைப் பார்ப்பது அபூர்வம். தவறுகளைத் துல்லியமாகச் சுட்ட முடிவதே அதனால்தான்.

மேசையில் ஓடியது சாலையில் ஏன் தடுமாறியது

பகல் தாமதத்தில் தொடங்குவோம். பகலில் டெயில் லேம்ப் அணைந்திருக்கும். உங்கள் போர்டுக்கு மின்சாரம் வரும் ஒரே வழி அப்போது பிரேக் வயர்தான். அதாவது ஒவ்வொரு முறை மிதியை அழுத்தும்போதும் நானோ புதிதாக விழித்தெழுகிறது. பல நானோ போர்டுகளில் இருக்கும் பழைய பூட்லோடர் (போர்டு விழித்ததும் முதலில் ஓடும் சின்ன புரோகிராம்), யாராவது புது புரோகிராம் அனுப்புகிறார்களா என்று ஒரு வினாடி அளவுக்குக் காத்திருந்துவிட்டுத்தான் உங்கள் புரோகிராமுக்கு வழிவிடும். அதன்பின், தொடக்கத்தில் ஒரு முறை மட்டும் ஓடும் உங்கள் செட்அப் பகுதியில் ஒரு வரவேற்பு ஓட்டம் இருக்கிறது: 24 எல்இடியும் ஒவ்வொன்றாக, 30 மில்லி வினாடி இடைவெளியில். அது 0.72 வினாடி. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 1.7 வினாடி. மணிக்கு 80 கிலோமீட்டரில் கார் வினாடிக்கு 22 மீட்டர் போகும். நீங்கள் பிரேக் போட்டதைப் பின்னால் வருபவர் அறிவதற்குள் 35 மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறது.

மேசையில் இது ஏன் தெரியவில்லை? அங்கே அடாப்டர் எப்போதும் இணைப்பிலேயே இருந்தது. நானோ ஒரு முறை விழித்ததோடு சரி, அப்புறம் விழித்தேதான் இருந்தது.

அடுத்து இரவு. டெயில் லேம்ப் எரிவதால் போர்டு விழித்திருக்கிறது, தாமதம் இல்லை. ஆனால் வேறு ஒன்று காத்திருக்கிறது. 33 கிலோ ஓமுக்கும் 10 கிலோ ஓமுக்கும் நடுவே கிடைப்பது வயரில் உள்ள வோல்டேஜில் 43-க்கு 10 பங்கு. இன்ஜின் நன்றாக ஓடி பிரேக் வயரில் 14.2 வோல்ட் இருந்தால் நானோவின் உள்ளீட்டுப் பின்னுக்கு (இணைப்புக் கம்பிக்கு) 3.3 வோல்ட் கிடைக்கும். நானோவில் 5 வோல்ட்டில் ஓடும் ஏடிமெகா328பி சிப், 3 வோல்ட்டுக்கு மேல் வந்தால்தான் நிச்சயமாக 'ஹை' (இங்கே, பிரேக் அழுத்தப்பட்டது) என்று எடுத்துக்கொள்ளும் என்று அதன் டேட்டாஷீட் சொல்கிறது. 3.3 தப்பித்துவிடும். இப்போது இரவு, ஹெட்லைட் எரிகிறது, வைப்பரும் ஓடுகிறது, கார் ஐடிலிங்கில் நிற்கிறது, வயரோ பழையது. பிரேக் வயரில் 12 வோல்ட் வந்து சேர்ந்தால் பின்னுக்குப் போவது 2.79. இன்னும் சற்றுக் குறைந்து 11.6 ஆனால் 2.7. 'ஹை'யும் இல்லை, 'லோ'வும் இல்லை என்ற இடைவெளியில் அது விழுகிறது. சிப் சில நேரம் பார்க்கும், சில நேரம் பார்க்காது.

மேசையில் நீங்கள் பட்டனை நேராக 5 வோல்ட்டில் இணைத்து அழுத்தியிருக்கிறீர்கள். அந்த இரண்டு ரெசிஸ்டர்களும் சோதனைக்கே வரவில்லை.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். பக்கத்துக்கு ஒரு போர்டு வைத்ததால் ஒன்று போனாலும் மற்றது எரியும் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டிலும் இருப்பது ஒரே சர்க்யூட், ஒரே புரோகிராம், ஒரே ரெசிஸ்டர்கள். வோல்டேஜ் இறங்கினால் இரண்டுக்கும் சேர்ந்தே இறங்கும். ஒன்று தவறும் நேரத்தில்தான் மற்றதும் தவறும். அக்கா பார்த்ததும் அதைத்தான். பழைய பல்புகளுக்கு இந்தக் குறை கிடையாது. ஒன்றின் இழை அறுந்ததற்கும் மற்றதற்கும் சம்பந்தமே இல்லை.

சிக்னலில் அணைந்து எரிவது 7805-இன் சூடு. சிவப்பு மட்டும் எரிந்தாலும் எல்இடி ஒன்றுக்கு 20 மில்லி ஆம்பியர், 24-க்கு அரை ஆம்பியருக்கு நெருக்கம். 14 வோல்ட்டை 5-ஆகக் குறைக்கும்போது மீதி முழுவதும் வெப்பமாகிறது, நான்கு வாட்டுக்கு மேல். நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த ரெகுலேட்டர் ஹீட் சிங்க் இல்லாமல், மூடிய டெயில் லேம்ப் கூட்டுக்குள் நிற்கிறது. அந்த நிலையில் இரண்டு வாட்டே அதற்கு அதிகம். சூடு எல்லை மீறியதும் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், ஆறியதும் திரும்ப வரும். அது பழுதாகவில்லை, தன்னைக் காத்துக்கொள்கிறது.

பச்சை மினுக்கல் இந்த எல்இடி வகையோடு பிறந்தது. டபிள்யூஎஸ்2812பி எல்இடிகள் கை மாற்றிக் கொடுப்பது போலத் தகவலை ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கடத்துகின்றன. ஒரு பிட்டுக்கு 1.25 மைக்ரோ வினாடிதான். பக்கத்திலேயே இண்டிகேட்டரோ மோட்டாரோ அதே பாடி எர்த்தை (காரின் உலோக உடல் வழியாக மின்சாரம் திரும்பும் பாதையை) பயன்படுத்தும்போது எர்த் கணநேரம் ஆடினால் சில துடிப்புகள் தவறாகப் படிக்கப்படும், நிறம் மாறும். வரிசையில் ஓர் எல்இடி செத்தால் அதற்குப் பின்னால் உள்ளவற்றுக்குத் தகவலே போகாது. நானோ உறைந்துவிட்டால் கடைசியாக வந்த நிறத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும். அது இருட்டாக இருந்தால் இருட்டுத்தான். அலங்காரத்துக்கு அருமையான பொருள். பிரேக் விளக்குக்கு நான் ஒருபோதும் எடுக்க மாட்டேன்.

இப்போது ஈஎஸ்பி32. வேகம் உங்கள் சிக்கலே இல்லை. 24 எல்இடிக்கும் தகவல் அனுப்ப நானோவுக்கு ஆகும் நேரம் 0.72 மில்லி வினாடி. நீங்கள் வைத்த வரவேற்பு ஓட்டம் 0.72 வினாடி, சரியாக ஆயிரம் மடங்கு. ஈஎஸ்பி32-உம் விழித்தெழ நேரம் எடுக்கும். தவிர, அதன் பின்களில் வருவது 3.3 வோல்ட். 5 வோல்ட்டில் ஓடும் டபிள்யூஎஸ்2812பி எதிர்பார்ப்பது 3.5. இருக்கும் பச்சை மினுக்கலை நீங்களே இன்னும் வளர்த்ததாகிவிடும்.

மினுக்கினால் பாதுகாப்பு கூடுமா

இந்தக் கேள்வியில் நல்ல எண்ணம் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல்பின் இழை சூடாகி முழு வெளிச்சத்துக்கு வர ஏறத்தாழ 0.2 வினாடி ஆகும். எல்இடி அந்த நேரத்தையே எடுத்துக்கொள்ளாது, மின்சாரம் வந்ததும் எரியும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 0.2 வினாடி என்பது நான்கு மீட்டருக்கு மேல், ஏறத்தாழ ஒரு கார் நீளம். எல்இடி பிரேக் விளக்கின் உண்மையான வரம் இதுதான். உங்கள் புரோகிராம் அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டது. போர்டு விழித்திருக்கும் இரவில்கூட, நடுவிலிருந்து ஓரத்துக்கு 12 படிகள், படிக்கு 40 மில்லி வினாடி, அதுவே அரை வினாடிக்கு நெருக்கம். பிறகு மூன்று மினுக்கல், 0.6 வினாடி. நிலையான முழு வெளிச்சம் வர ஒரு வினாடி தாண்டிவிடுகிறது. நெரிசலில் நீங்கள் மிதியைத் தொட்டுத் தொட்டு எடுக்கும்போது பின்னால் இருப்பவருக்கு முழு விளக்கு ஒரு முறைகூடத் தெரியாமல் போகலாம். அத்தனையையும் 'டிலே' (சொன்ன நேரம் முடியும் வரை வேறெதுவும் செய்யாமல் காத்திருக்கும் கட்டளை) போட்டு எழுதியிருப்பதால், ஓட்டம் முடியும் வரை மிதியை விட்டீர்களா, மறுபடி அழுத்தினீர்களா என்பதை நானோ பார்ப்பதே இல்லை.

மினுக்கல் எப்போதுமே கூடாதா என்றால், விதிகளே ஓர் இடம் வைத்திருக்கின்றன. வாகன விளக்குகளைப் பற்றிய ஐநா ஒழுங்குமுறை எண் 48-இல் 'அவசர நிறுத்தச் சமிக்ஞை' என்று ஒன்று உண்டு. பயணிகள் கார் 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகும்போது, வினாடிக்கு வினாடி 6 மீட்டர் அல்லது அதற்கும் அதிகமாக வேகம் குறையும் அளவு கடுமையாகப் பிரேக் போட்டால், வினாடிக்கு நான்கு முறை என்ற கணக்கில் விளக்குகள் மினுக்கலாம். சாதாரணமாக வண்டியை நிறுத்தும்போது அந்த அளவில் பாதிகூட வராது. அதாவது மினுக்கல் என்பது 'ஆபத்து' என்று சொல்வதற்காக ஒதுக்கிவைத்த சொல். ஒவ்வொரு பிரேக்குக்கும் அதைச் சொன்னால் உண்மையான ஆபத்தில் சொல்ல வேறு சொல் இருக்காது. அமெரிக்காவின் எஃப்எம்விஎஸ்எஸ் 108 என்ற வாகனப் பாதுகாப்புத் தரம் இன்னும் நேராகச் சொல்கிறது: பிரேக் விளக்கு நிலையாக எரிய வேண்டும்.

பிரகாசமும் அப்படித்தான். கூடக் கூட நல்லது என்று எழுதியிருந்தீர்கள். ஐநா விதிகளில் ஒரே வெளிச்ச அளவில் எரியும் பிரேக் விளக்குக்குக் குறைந்தது 60, அதிகபட்சம் 260 கேண்டெலா (ஒளிச் செறிவின் அலகு). மேல் எல்லை வைத்ததற்குக் காரணம், இரவில் சிக்னலில் உங்கள் பின்னால் ஒரு நிமிடம் நிற்பவரின் கண். இன்னொரு விஷயம், டெயில் லேம்பும் பிரேக் லேம்பும் ஒரே இடத்தில் எரிந்தால், பிரேக் அழுத்தும்போது வெளிச்சம் குறைந்தது ஐந்து மடங்கு ஆக வேண்டும். உங்கள் புரோகிராமில் டெயிலுக்கு, முழு வெளிச்சமான 255-இல் 90 வைத்திருக்கிறீர்கள். அது மூன்று மடங்குக்கும் குறைவு. இரவில் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு நீங்கள் பிரேக் போட்டீர்களா, டெயில் மட்டும் எரிகிறதா என்று பிரித்துப் பார்ப்பதே சிரமம்.

நான் செய்தால் எப்படிச் செய்வேன்

ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்து தானாக வரும்: மைக்ரோகன்ட்ரோலரைக் கழற்றி எடுத்துவிட்டாலும் பிரேக் விளக்கு எரிய வேண்டும். மிதியின் சுவிட்சிலிருந்து வரும் மின்சாரமே எல்இடியை எரிக்க வேண்டும். நடுவில் யாருடைய அனுமதியும் தேவைப்படக் கூடாது.

அப்படியென்றால் பாதை இப்படிப் போகும். பிரேக் வயர், சின்ன ஃபியூஸ், தலைகீழாக இணைத்தாலும் காப்பாற்றும் ஒரு டையோடு, வோல்டேஜ் எகிறினால் விழுங்கும் டிவிஎஸ் டையோடு, பிறகு வாகனங்களுக்கென்றே தயாராகும் நிலை மின்னோட்ட டிரைவர் (வோல்டேஜ் மாறினாலும் மின்னோட்டத்தை மாறாமல் வைக்கும் சிப்), அதன்பின் சாதாரணச் சிவப்பு எல்இடிகள். டிவிஎஸ் டையோடை விட்டுவிடாதீர்கள். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி இணைப்பு துண்டிக்கப்பட்டால் வயரில் வோல்டேஜ் பாய்ந்து ஏறும். 12 வோல்ட் வாகனத்தில், அடக்கும் ஏற்பாடு இல்லாத நிலைக்கு ஐஎஸ்ஓ 16750-2 தரம் வைக்கும் சோதனை 79 முதல் 101 வோல்ட் வரை. உங்கள் 7805 தாங்குவது 35.

டிரைவர் எதற்கு, ரெசிஸ்டர் போதாதா என்று கேட்பீர்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிவப்பு எல்இடி ஒன்றுக்கு 2.1 வோல்ட் என்று வையுங்கள். ஐந்தை வரிசையாகக் கோத்தால் 10.5. 14.4 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியர் வர 195 ஓம் வேண்டும். அதே கோவையில் 12 வோல்ட் வந்தால் மின்னோட்டம் 7.7 மில்லி ஆம்பியராக விழும், பாதிக்கும் கீழே. ஐந்துக்குப் பதில் மூன்றைக் கோத்து 405 ஓம் போட்டால் 12 வோல்ட்டில் 14 மில்லி ஆம்பியர் நிற்கும், ஆனால் ரெசிஸ்டர் அதிகம் சூடாகும். டிரைவர் இருந்தால் இரண்டு நிலையிலும் அதே வெளிச்சம். எல்இடிகளைப் பல கோவைகளாகப் பிரித்து, ஒன்று அறுந்தாலும் மற்றவை எரியும்படி வையுங்கள். டெயிலுக்குத் தனிக் கோவை, தனி வயர். இரண்டையும் ஒன்றில் கலந்து மங்கலாக்கும் வேலையே வேண்டாம்.

அப்போது மைக்ரோகன்ட்ரோலருக்கு என்ன வேலை? காவல் வேலை. ஐந்து கோவைகள், கோவைக்கு 20 மில்லி ஆம்பியர், மொத்தம் 100. அந்தப் பாதையில் ஒரு ஓம் ரெசிஸ்டர் வைத்தால் அதன் மீது 100 மில்லி வோல்ட் விழும். நானோவின் உள்ளே இருக்கும் 1.1 வோல்ட் அளவுகோலை வைத்து அளந்தால், 0 முதல் 1023 வரையிலான அளவில் அது 93 என்று படிக்கும். ஒரு கோவை அறுந்தால் 74. வித்தியாசம் தெளிவாகத் தெரியும். உடனே டேஷ்போர்டில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கை எரிய விடுங்கள். பின்னால் பிரேக் விளக்கு போனதை ஓட்டுநர் இருக்கையிலிருந்து அறிய வழியே இல்லாத காரில், அந்த மஞ்சள் விளக்கு உண்மையிலேயே ஒருவரைக் காப்பாற்றும். உங்கள் புரோகிராம் திறமைக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் காவல் வேலைக்கும் ஒழுங்கு வேண்டும். 'டிலே'யை விட்டு, காத்திருக்காமல் கடந்த நேரத்தை மட்டும் பார்க்கும் 'மில்லிஸ்' வைத்து எழுதுங்கள். வாட்ச்டாக்கை இயக்குங்கள், புரோகிராம் உறைந்தால் அதுவே தட்டி எழுப்பும். பிரவுன்-அவுட் அளவை 4.3 வோல்ட்டில் வையுங்கள், மின்சாரம் குறையும்போது சிப் உளறாமல் நின்றுவிடும்.

கண்காட்சிக்கோ தனியார் மைதானத்துக்கோ அந்த ஓடும் ஒளி வேண்டுமென்றால், அப்போதும் அதே விதிதான். எல்இடிக்குக் கீழே, சுவிட்ச் போல வேலை செய்யும் ஒரு மாஸ்ஃபெட், அதன் கட்டுப்பாட்டு முனையான 'கேட்'டை ரெசிஸ்டர் வழியாகப் பிரேக் வயருக்கே இழுத்துக் கட்டி, அங்கே வோல்டேஜ் அளவு மீறாமல் தடுக்க ஒரு ஜீனர் டையோடு. இயல்பு நிலை 'எரி'. நானோ ஒரு டிரான்சிஸ்டர் மூலம் அதைக் கீழே இழுத்து அணைக்கலாம், அவ்வளவுதான் அதன் அதிகாரம். ரீசெட்டில் இருக்கும்போது அதன் பின்கள் எதையும் இழுக்காது, விளக்கு எரியும். நானோவுக்கும் டிரான்சிஸ்டருக்கும் நடுவே ஒரு கெபாசிட்டரை வைத்துவிட்டால், பின் 'ஹை'யிலேயே மாட்டிக்கொண்டாலும் அணைப்பு நூறு மில்லி வினாடி அளவுக்கு மேல் நீடிக்காது. விளக்கு தானாகத் திரும்பிவிடும்.

கடைசியாக வயர். நீங்கள் அனுப்பிய படத்தில் டிக்கி மூடிக்குப் போகும் வயர், கீல் அருகே இறுக்கமாக வளைந்திருக்கிறது. அந்த இடத்தில் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன்: மேல் உறை முழுசாக, பளபளவென்று இருக்கும். விரலால் நீவினால் ஓரிடத்தில் மட்டும் ரப்பர் போலத் துவளும். உரித்துப் பார்த்தால் உள்ளே செம்பு அறுந்து, நுனிகள் கறுத்துப் போயிருக்கும். மூடியைத் திறந்து சோதிக்கும்போது சேரும், மூடினால் விட்டுப்போகும். தளர்வாக ஒரு வளையம் விட்டு, பல இழை வயரைப் போடுங்கள். போர்டுக்கு ஈரம் தாங்கும் பூச்சு கொடுங்கள்.

சட்டம், காப்பீடு, நண்பர்கள்

பின்னால் இடித்தவர் மீதுதான் எப்போதும் தவறு என்பது பரவலான எண்ணம், ஆனால் அது தொடக்கப்புள்ளி மட்டுமே. முன்னால் போன காரின் பிரேக் விளக்கு எரியவில்லை, அதுவும் உரிமையாளரே மாற்றியமைத்தது என்று தெரிந்தால் பொறுப்பு உங்கள் பக்கம் திரும்பும். காப்பீட்டு நிறுவனமும் வண்டியில் மாற்றம் செய்ததைத் தெரிவித்தீர்களா என்று கேட்கும். இதையெல்லாம் விட, யாருக்காவது அடிபட்டால் தவறு யார் மீது என்ற பதில் உங்களைத் தூங்க விடாது. உங்கள் கடிதத்தைப் படித்தவரை நீங்கள் அப்படிப்பட்டவர்தான்.

பிரேக் விளக்கு என்பது பெரும்பாலான நாடுகளில் ஒப்புதல் பெற வேண்டிய பாகம். ஐநா விதிகளைப் பின்பற்றும் இடங்களில் லென்ஸ் மீது வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அந்த விளக்கு முழுவதற்கும், அதாவது ஒளி மூலம், ஒளியைத் திருப்பும் கண்ணாடி, லென்ஸ் எல்லாம் சேர்ந்து கொடுத்த முத்திரை. பக்கவாட்டில் 45 பாகை, மேலும் கீழும் 15 பாகை வரை அளந்து பார்த்துத் தருகிறார்கள். உள்ளே பல்பை மாற்றி எல்இடி வைத்த கணத்தில் அந்த முத்திரை உங்கள் விளக்குக்குப் பொருந்தாது. பழைய லென்ஸ் ஓர் இழைக்காக வடிவமைத்தது, 24 புள்ளிகளுக்காக அல்ல. எனவே எதை மாற்றுவதற்கு முன்பும் வாகனப் பதிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அப்படியே. இதைக் கேட்பது உங்கள் உரிமை, தயங்க வேண்டாம்.

நண்பர்களுக்குச் செய்து தருவது இப்போதைக்கு வேண்டாம். பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் வேண்டாம். உங்கள் காரில் ஏதாவது மாறினால் உங்களுக்குத் தெரியும், அக்கா சொல்வார், நிறுத்திவிடுவீர்கள். நண்பரின் காரில் அது யாருக்குத் தெரியும்? அவர் காரை விற்றுவிட்டால், வாங்கியவருக்கு உள்ளே ஒரு நானோ இருப்பதே தெரியாது. பணம் வாங்கிய நாள் முதல் நீங்கள் அந்தப் பாகத்தின் தயாரிப்பாளர், அதற்குரிய பொறுப்பு முழுவதும் உங்களுடையது. காவல் போர்டை மட்டும் செய்து தரலாமா என்றால், உங்கள் காரில் ஓராண்டு, வெயில் மழை எல்லாம் பார்த்த பிறகு அதைப் பற்றிப் பேசுவோம்.

அடுத்த சில வாரங்கள்

உங்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. உங்கள் கார் மாடலுக்கு ஒப்புதல் முத்திரையோடு வரும் முழு எல்இடி டெயில் லேம்பை வாங்கி மாட்டுவது ஒன்று. எல்இடியின் வேகமும் கிடைக்கும், சட்டச் சிக்கலும் குறையும். உங்கள் கைவண்ணம் காவல் போர்டில் இருக்கும். பழைய பல்புகளோடே ஓட்டிக்கொண்டு, செய்ததை மேசையில் வைத்து வளர்ப்பது இரண்டாவது. சொந்த விளக்கை வடிவமைத்து, ஒளி அளவீட்டுக் கூடத்தில் சோதித்து, ஒப்புதல் வாங்குவது மூன்றாவது. தனி ஒருவருக்கு அது நீண்ட பாதை, செலவும் அதிகம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதல் வழியில் போவேன், மூன்றாவதை ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்வேன்.

காவல் போர்டைப் பல்பு இருக்கும்போதே தொடங்கலாம். 21 வாட் பல்புக்கு இரண்டு ஆம்பியருக்கு நெருக்கமாகப் போகும் என்பதால் ஒரு ஓம் ரெசிஸ்டர் அங்கே ஆகாது, வோல்டேஜைத் தின்று விளக்கையும் மங்கலாக்கும். மின்னோட்டம் அளக்கும் ஹால் சென்சாரைப் போடுங்கள்.

எந்த வடிவம் செய்தாலும் சாலைக்குக் கொண்டுபோகும் முன் ஒரு சோதனை. பகலில், டெயில் லேம்பை அணைத்துவிட்டு, இன்ஜினையும் நிறுத்தி, அக்காவைப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். நானோவை சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, பிரேக்கை இருபது முறை அழுத்துங்கள். அக்கா இருபது முறையும், நீங்கள் அழுத்திய அதே கணத்தில் "எரியுது" என்று சொன்னால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள். சர்க்யூட் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், ஆவலாகக் காத்திருப்பேன்.